ஒருவரும் நனையாத மழை

"ஒருவரும் நனையாத மழை எங்கேனும் உண்டா, அம்மா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

குன்றின் முந்நூறு படிகளையும் ஏறி வந்த மூச்சு இன்னும் தணியவில்லை. கைப்பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

உலகம்மை கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், "உண்டு" என்றார்.

"எங்கே?"

"நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால். முதலில் உட்காருங்கள், ஐயா. மழை எங்கும் ஓடிவிடாது. நீங்கள்தாம் விழுந்துவிடுவீர்கள் போலிருக்கிறது."

குரு உலகம்மைக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்தொன்று.

குன்றின் உச்சியில் இருந்தது ஒரு சிறிய ஆய்வகம். சனிக்கோளின் பெரிய நிலவாகிய டைட்டனில் எழும் மேகங்களை ஆராய்வது அங்கே வேலை. வேலை செய்பவர் உலகம்மை. அவருக்குச் சோறு பொங்கிப் போடுபவர் பிச்சம்மாள். வேறு ஆள் கிடையாது.

"இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"வானிலை நிலையத்தில் கணிப்பாளர். முப்பத்து நான்கு ஆண்டுகள்."

"நம் வானத்தில் மேகம் தீர்ந்துவிட்டதா?"

"மேகம் தீரவில்லை, அம்மா. நான் தீர்ந்துவிட்டேன்."

உலகம்மை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"பால் வாங்கப் போனால் கேட்பார்கள், மழை வருமா என்று. முடிவெட்டப் போனால் கேட்பார்கள். என் மகள் கல்யாணப் பந்தலில், தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் தோளைத் தட்டிக் கேட்டார். வந்தால், ஏன் முன்பே சொல்லவில்லை என்பார்கள். வராவிட்டால், ஏன் சொன்னாய் என்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. மனிதர் இல்லாத ஊரின் மேகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். அங்கே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் என்னை ஒருவரும் கேட்கக் கூடாது."

"அங்கே ஒருவரும் இல்லை" என்றார் உலகம்மை. "பையை வையுங்கள்."

*

குருமார்களில் இவ்வளவு சிக்கனமானவரைக் காண்பது அரிது. உலகம்மை ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், "நாளைக்கு" என்பார்.

முதல் நாள்: "அந்த நிலவின் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். சிறுபங்கு மீத்தேன்."

இரண்டாம் நாள்: "அந்தக் குளிரில் தண்ணீர் என்பது பாறை. இங்கே தண்ணீர் பார்க்கும் வேலையை அங்கே மீத்தேன் பார்க்கிறது. ஆவியாகிறது. மேகமாகிறது. மழையாகப் பெய்து ஏரியில் நிற்கிறது."

மூன்றாம் நாள்: "துளி சுண்டைக்காய் அளவு இருக்கும். ஆள் மெல்ல நடக்கிற வேகத்தில் இறங்கும். பல துளிகள் தரையைத் தொடுவதே இல்லை. வழியிலேயே ஆவியாகிவிடும்."

கோமதிநாயகத்துக்கு அந்த மழையை மிகவும் பிடித்துப்போயிற்று.

நான்காம் நாள்: "உயரத்தில் வெயில் படும்போது மீத்தேன் உடைகிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து செம்மஞ்சள் புகையாகித் தரையில் படிகின்றன. படிந்தது மறுபடி மீத்தேன் ஆவதில்லை."

"அப்படியானால் அது என்றோ தீர்ந்திருக்க வேண்டுமே, அம்மா?"

"தீர்ந்திருக்க வேண்டும்."

"ஏன் தீரவில்லை?"

"அதைத்தான் பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சற்றுத் தள்ளி உட்காருங்கள். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்."

கோமதிநாயகத்துக்குக் கிடைத்த வேலை எளியது. அந்த நிலவைத் தொலைநோக்கிகள் எடுத்த பதினோராயிரம் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, மேகம் உண்டு, மேகம் இல்லை என்று பிரித்து வைக்க வேண்டும். எல்லாம் நடந்து முடிந்த வானம். எவரும் குடை எடுத்துப் போக வேண்டியதில்லை. எவரும் நெல்லை வாரி உள்ளே கொட்ட வேண்டியதில்லை.

நெடுநாளைக்குப் பிறகு கோமதிநாயகம் மாத்திரை போடாமல் உறங்கினார்.

ஒரே ஓர் இடையூறு, பிச்சம்மாள்.

"ஐயா, இன்றைக்கு மழை வருமா? மொட்டைமாடியில் வடகம் பிழிந்திருக்கிறேன்."

"ஓரிரு இடங்களில் இலேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்."

"அந்த ஓரிரு இடத்தில் என் மொட்டைமாடி உண்டா, இல்லையா?"

"வாய்ப்பு இருக்கிறது."

"உங்களைக் கேட்பதற்கு வடகத்தையே கேட்டிருக்கலாம்."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. "பிச்சம்மா, முப்பத்து நான்கு ஆண்டுகளில் என் கணிப்பு ஒன்றுகூடத் தவறியதில்லை. தெரிந்துகொள்."

"எப்படி ஐயா தவறும்? எதையாவது சொல்லியிருந்தால்தானே!"

உள்ளே உலகம்மை இருமுவது போல் ஓர் ஒலி கேட்டது. அது இருமல் அன்று.

*

இரண்டாம் ஆண்டு முடிகிற தறுவாயில், மதியம் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது கோமதிநாயகம் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்.

"அந்த வட துருவத்து ஏரி இருக்கிறதல்லவா, அம்மா? அதன் மேற்குக் கரையில் புகை சற்று வெளுத்தால், மூன்று வாரத்தில் அங்கே மேகம் கட்டுகிறது."

உலகம்மையின் கை இலையிலேயே நின்றது.

"எத்தனை முறை?"

"பதினோரு முறை வெளுத்திருக்கிறது. எட்டு முறை கட்டியிருக்கிறது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

"கேட்காமல் சொல்லவே மாட்டீர்களா?"

"பழக்கம், அம்மா."

அடுத்த மாதம் புதிதாக வந்த படத்தில் மேற்குக் கரை வெளுத்தது. அங்கே வட கோடை முடியப்போகும் நேரம் அது.

உலகம்மை அன்றே எழுதிப் போட்டார். தென்னமெரிக்கப் பாலைவனத்தில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்று, அவருக்கு ஒரு மணி நேரம் தர இசைந்தது. ஒரே ஒரு மணி நேரம். எந்த நாள் என்பதை முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற இயலாது.

"மேகம் எழும் வேளையில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்துவிட்டால் போதும்" என்றார் உலகம்மை. அவர் குரலில் அவ்வளவு வேகத்தைச் சீடர் அதுவரை கேட்டதில்லை. "அந்த மீத்தேன் ஏரியிலிருந்து கிளம்பிய பழையதா, தரைக்கடியிலிருந்து புதிதாக ஊறி வருவதா என்று தெரிந்துவிடும். ஏன் தீரவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிடும்."

"தவறினால் அடுத்த கோடையில் பார்க்கலாமே, அம்மா?"

"அந்த நிலவின் ஓர் ஆண்டு நமக்கு இருபத்தொன்பதரை ஆண்டு, ஐயா. அடுத்த கோடைக்கு எனக்கு எழுபது தாண்டியிருக்கும்."

மேசை இழுப்பறையைத் திறந்துகொண்டே, "இருந்தால்" என்றார்.

பிறகு ஒரு படிவத்தைக் கோமதிநாயகத்தின் முன்னால் வைத்தார். நாள், இடம், கணிப்பு, கணித்தவர். நான்கே கட்டங்கள்.

"எழுதுங்கள்."

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழகிய கையெழுத்தில் எழுதினார்: இருபதாம் தேதி முதல் இருபத்தாறாம் தேதி வரை, வட ஏரிப் பகுதியில் ஓரிரு இடங்களில் மேகம் தோன்றக்கூடும். கணித்தவர் என்ற கட்டத்தில், ஆய்வகம் என்று நிரப்பினார்.

உலகம்மை படித்தார். மடித்தார். இன்னொரு படிவத்தை எடுத்து வைத்தார்.

இருபத்து மூன்றாம் தேதியை ஒட்டி மேகம் தோன்றுவதற்கான வாய்ப்பு மிகுதி, என்று எழுதினார் கோமதிநாயகம்.

அதையும் மடித்தார்.

சூழல் சாதகமாக அமையும் பட்சத்தில், என்று தொடங்கினார்.

உலகம்மை அதை முடிக்க விடவில்லை. மூன்று தாள்களையும் சேர்த்து நான்காக மடித்தார். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தார். மேசையை அசைத்துப் பார்த்தார். ஆட்டம் நின்றிருந்தது.

"இதற்காவது உதவிற்று" என்றார்.

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது.

"எவரும் நனையாத மழை என்று சொல்லித்தானே என்னை இங்கே உட்கார வைத்தீர்கள்?"

"எவரும் நனையமாட்டார்கள்."

"பின்னே ஏன் இப்படி வாட்டுகிறீர்கள்? நீங்களே ஒரு நாளை எழுதிக்கொள்ளலாமே!"

"எனக்கு வேதியியல் தெரியும். வானம் பார்த்து நாள் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் அவர். "அதுதான் தொல்லை. அன்றைக்கும் தெரிந்திருந்தது."

உலகம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி" என்று கோமதிநாயகம் சொன்னார். "காலையிலிருந்து பாரமானியில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. சூறைக்காற்று வரப்போகிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முந்தின மாதம் என் பக்கத்து மேசைக்காரர் அப்படி எழுதியிருந்தார். காற்று திசை மாறிப் போய்விட்டது. மேலதிகாரி நாலு பேர் முன்னிலையில், 'ஊரையே பட்டினி போட்டீரே' என்று அவரைக் கேட்டார். அது நினைவுக்கு வந்தது. 'பலத்த காற்று வீசக்கூடும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்."

"அவர்கள்?"

"கூடும் என்று நாங்கள் நாள்தோறும் எழுதுகிறோம். நாள்தோறும் அவர்கள் கடலுக்குப் போகிறார்கள். அன்றும் போனார்கள். இரண்டு நாட்டுப்படகு. ஏழு பேர்."

சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றிருந்தது.

"விசாரணை வைத்தார்கள், அம்மா. எச்சரிக்கை உரிய நேரத்தில் வழங்கப்பட்டது, கணிப்பில் பிழை இல்லை என்று எழுதினார்கள். என்னுடன் கைகுலுக்கினார்கள். மறுநாளும் நான் போய், கூடும் என்றுதான் எழுதினேன். ஓய்வு பெறும் வரைக்கும் எழுதினேன்."

ஆறுதலாக ஒரு சொல் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம்.

உலகம்மை எழுந்தார். புதிய படிவம் ஒன்றை மேசைமேல் வைத்தார். எஞ்சிய படிவங்களை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

மறுநாள் காலை கோமதிநாயகம் அந்தப் பதினோரு முறைக்கான படங்களையும் மறுபடி பார்த்தார். வெளுத்த நாளைக் குறித்தார். மேகம் கட்டிய நாளைக் குறித்தார். பொய்த்துப்போன மூன்றை நெடுநேரம் பார்த்தார்.

பதினோரு மணிக்குப் பிச்சம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார். மழையைப் பற்றிக் கேட்காமலே போய்விட்டார். அது அவருக்கு இயல்பன்று.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கோமதிநாயகம் எழுதினார்.

இருபத்து மூன்றாம் தேதி. வட ஏரியின் மேற்குக் கரை. மேகம் எழும். கணித்தவர், சி. கோமதிநாயகம்.

அந்த மூன்றாம் கட்டம் இரண்டே சொற்களில் முடிந்துவிட்டது. மீதி இடம் வெள்ளையாகக் கிடந்தது. அதை எதைக் கொண்டாவது நிரப்பலாமா என்று கை துறுதுறுத்தது. பேனாவை மூடிவிட்டார்.

உலகம்மை படித்துப் பார்த்தார். "கையெழுத்து தேவலை" என்றார். அனுப்பினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கோமதிநாயகம் சரியாக உறங்கவில்லை. மாத்திரை வாங்கக் கீழே ஊருக்குப் போனார். படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பழைய அலுப்பு, முகவரி தேடிக்கொண்டு குன்றின்மேல் ஏறி வந்துவிட்டது போலிருந்தது.

"போய்விடட்டுமா, அம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருபத்து நான்காம் தேதி கேளுங்கள்" என்றார் உலகம்மை.

*

இருபத்து மூன்றாம் தேதி வந்தது. பாலைவனத்தில் இரவு, குன்றின்மேல் முற்பகல், பத்தரை மணி. திரையின் முன்னால் இரண்டு நாற்காலிகள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பிச்சம்மாள்.

"அங்கிருந்து வெளிச்சம் வந்து சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆகிறது" என்றார் கோமதிநாயகம், தமக்குள் சொல்லிக்கொள்வது போல. "அங்கே எல்லாம் முடிந்திருக்கும். இனி வேண்டிக்கொண்டும் பயனில்லை."

"முன்னால் வேண்டிக்கொண்டிருந்தால் மட்டும் பயன் இருந்திருக்குமா?" என்றார் உலகம்மை.

படம் வந்தது.

செம்மஞ்சள் உருண்டை. அதன் தலைப்பகுதியில் கறுத்த ஏரி. மேற்குக் கரை, துடைத்து வைத்தது போல் இருந்தது.

அடுத்த படம். அதற்கடுத்த படம். பதினோரு மணி அடித்தது. பதினொன்றரை அடித்தது.

தொலைநோக்கி வேறொருவருடைய வானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

உலகம்மை கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைச் சீடர் அன்றுதான் பார்த்தார். இருபது ஆண்டுகள் அதில் ஒரே நேரத்தில் தெரிந்தன.

"உங்கள் கோடை போயிற்றே, அம்மா."

"போயிற்று."

"வேண்டுமானால்," என்று கோமதிநாயகம் மெதுவாகச் சொன்னார், "மெல்லிய மேகம், கருவிக்குப் புலப்படாதிருக்கலாம் என்று எழுதலாம்."

உலகம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோமதிநாயகமே தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை" என்றார். "மேகம் இல்லை."

"கணிப்பு?"

"தவறிவிட்டது."

"யாருடைய கணிப்பு?"

மொட்டைமாடியில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போயிற்று.

"என்னுடையது."

உலகம்மை பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாக, சொல்லிக்கொண்டே எழுதினார். இருபத்து மூன்றாம் தேதி. மேற்குக் கரை. மேகம் இல்லை. கணிப்பு தவறு. கணித்தவர், சி. கோமதிநாயகம்.

பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "சரிபார்த்து ஒப்பமிடுங்கள்."

கோமதிநாயகம் படித்தார். விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்தத் தாளிலும் 'தவறு' என்ற சொல் அவர் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்திருக்க வேண்டிய தாள் ஒன்று இருந்தது.

ஒப்பமிட்டார். அவர் பெயர் சற்றும் நடுங்காமல் விழுந்தது. பேனாவை வைத்தபின், தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். உறக்கம் வருவது போலிருந்தது. ஆனால் உறங்கவில்லை.

"கீழே பேருந்து எத்தனை மணிக்கு, பிச்சம்மா?"

"மூன்று மணிக்கு ஒன்று இருக்கிறது, ஐயா."

"போவதைப் பற்றி நாளைக்குத்தானே கேட்கச் சொன்னேன்" என்றார் உலகம்மை.

"வேலையை விட்டுப் போவதற்குக் கேட்கவில்லை, அம்மா. நான்கு நாள் விடுப்பு வேண்டும். அந்தக் கடற்கரை ஊருக்குப் போக வேண்டும். ஏழு வீடு."

"போய்?"

"அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்."

உலகம்மை பதிவேட்டை மூடி, அடுத்த படக்கட்டை எடுத்தார்.

கோமதிநாயகம் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிச்சம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"பதினான்கு வருஷம் கழித்துப் போய் நிற்கிறீர்களே, ஐயா. உட்காரச் சொல்வார்களா? அடித்து விரட்டுவார்களா?"

"தெரியாது, பிச்சம்மா" என்றார் கோமதிநாயகம், செருப்பை மாட்டிக்கொண்டே.